ஆம்பியர் சரி, கே.ஏ. சரியா? சர்வீஸ் பேனலில் அதிக ஷார்ட் சர்க்யூட் கரண்டைச் சமாளிக்க முழு வழிகாட்டி

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. பல வருடமாக இபி டிரான்ஸ்பார்மரிலிருந்து எல்.டி. (தாழ் அழுத்த) சர்வீஸில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டிரான்ஸ்பார்மர் 250 கே.வி.ஏ., பேனலுக்கும் அதற்கும் 120 மீட்டர் தூரம். பிறகு முதலாளி எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ் வாங்கினார். சொந்தமாக 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், பேனல் ரூமுக்குப் பின்சுவரை ஒட்டியே. உள்ளே ஓடும் மோட்டார்கள் அதேதான் என்பதால் பழைய பேனலை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நாலு மாதம் கழித்து ஒரு டிரம் மோட்டாரின் கேபிள் ஜாயின்ட்டில் ஷார்ட் ஆனது. ட்ரிப் ஆக வேண்டிய பிரேக்கர் வெடித்தது.

மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அந்த 10 கே.ஏ. எம்.சி.சி.பி.யின் (தொழிற்சாலைகளில் போடும் பெரிய பிரேக்கர்) உடல் நடுவில் பிளந்து கிடந்தது. பேனல் கதவின் உள்பக்கம் முழுக்கக் கடுகு தெளித்த மாதிரி செம்பு உருண்டைகள். ஆர் ஃபேஸ் பஸ்பார், அதாவது பேனலுக்குள் கரண்டைப் பகிர்ந்து தரும் பட்டை, வெளிப்பக்கம் வில்லாக வளைந்து, அதைத் தாங்கியிருந்த சிவப்பு இன்சுலேட்டர் இரண்டு துண்டாகியிருந்தது. நல்ல வேளையாக அந்த நேரத்தில் பேனல் முன்னால் யாரும் இல்லை. என்னோடு வந்த பையன் கேட்டான்: “இன்னாண்ணே, லோடு அதேதானே கீது? அப்புறம் ஏன் வெடிச்சுது?”

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க இதே மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. சர்வீஸ் பெரிதாகிறது, டிரான்ஸ்பார்மர் கட்டடத்துக்குப் பக்கத்தில் வருகிறது, பேனல் மட்டும் பழையதாகவே இருக்கிறது.

1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, சப்ளை நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் ஸ்விட்ச்சோ பிரேக்கரோ கரண்டைச் சுமக்கவும் முறிக்கவும் போதுமான திறனுள்ளதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. சுமப்பது வேறு, முறிப்பது வேறு. சுமக்கும் திறன் ஆம்பியர். கடைக்குப் போனால் அதைத்தான் கேட்கிறோம், “200 ஆம்பியர் கொடுங்க” என்று. முறிக்கும் திறன் கிலோ ஆம்பியர், அதாவது கே.ஏ. அதை யாரும் கேட்பதில்லை. ஷார்ட் ஆகும்போது எவ்வளவு கரண்ட் பாயும் என்பதை உள்ளே ஓடும் லோடு முடிவு செய்வதில்லை. டிரான்ஸ்பார்மரும், அங்கிருந்து வரும் கேபிளும்தான் முடிவு செய்கின்றன.

முதல் படி: டிரான்ஸ்பார்மர் நேம் பிளேட்டைப் படியுங்கள்

இரண்டு எண் போதும். ஒன்று கே.வி.ஏ., அதாவது டிரான்ஸ்பார்மரின் திறன். மற்றது சதவீத இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது தரும் தடை. நம் ஊர் விநியோக டிரான்ஸ்பார்மர்களில் இது பெரும்பாலும் 4-லிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்கும். ஊகத்தில் போடாதீர்கள், ஆர்டர் கொடுத்த அளவிலிருந்து 10 சதவீதம் கூடவோ குறையவோ தரநிலையே இடம் தருகிறது. பிளேட்டில் அடித்திருக்கும் எண்தான் உங்கள் எண்.

433 வோல்ட் செகண்டரிக்கு (டிரான்ஸ்பார்மரிலிருந்து சப்ளை வெளிவரும் பக்கம்) ஒரு சுருக்கு வழி உண்டு. கே.வி.ஏ.வோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் ஃபுல் லோடு ஆம்பியர் வந்துவிடும். 500 கே.வி.ஏ. என்றால் 667 ஆம்பியர். அதை 100-ஆல் பெருக்கி, இம்பீடன்ஸ் சதவீதத்தால் வகுத்தால் டிரான்ஸ்பார்மர் முனையில் வரக்கூடிய அதிகபட்ச ஷார்ட் சர்க்யூட் கரண்ட் கிடைக்கும். 4.5 சதவீதத்துக்கு 14,800 ஆம்பியர், அதாவது 14.8 கே.ஏ.

இதே கணக்கில் 100 கே.வி.ஏ.வுக்கு ஏறக்குறைய 3 கே.ஏ. 250-க்கு 7.4. 1000 கே.வி.ஏ., 5 சதவீதம் என்றால் 26.7. எச்.டி. பக்கத்து லைனின் இம்பீடன்ஸை இந்தக் கணக்கு கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் உண்மையில் வருவது இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பாதுகாப்பான பக்கம்தான் என்பதால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரிலிருந்து பல கம்பம் தள்ளியுள்ள வீட்டுக்கு 1 கே.ஏ. வந்தாலே அதிகம். 6 கே.ஏ. எம்.சி.பி. (வீட்டில் போடும் சின்ன பிரேக்கர்) அங்கே தாராளம். கவனம் தேவைப்படுவது டேனரி, ஷூ கம்பெனி, அரிசி ஆலை, கல்யாண மண்டபம், மருத்துவமனை, வேலூர் காந்தி ரோட்டு மாதிரியான நெருக்கத்தில் டிரான்ஸ்பார்மரைக் கட்டடத்தோடு ஒட்டி வைத்திருக்கும் லாட்ஜ் போன்ற இடங்களில்தான்.

இரண்டாம் படி: கேபிள் எவ்வளவு குறைக்கிறது?

இந்தக் கணக்கில் பலர் தவறான பக்கம் சறுக்கிவிடுகிறார்கள், அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

கேபிள் நீளும்போது ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் (இம்பீடன்ஸின் இரண்டு பாகங்கள்) சேர்கின்றன, ஷார்ட் கரண்ட் குறைகிறது. இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் வர்க்கம் செய்து சேர்த்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சோம்பல்பட்டு எல்லா இம்பீடன்ஸையும் நேராகக் கூட்டினால் மொத்தம் பெரிதாகி, கரண்ட் குறைவாகக் காட்டும். ஆபத்தைக் குறைத்துக் காட்டும் தப்பு இது. அதேபோல கேபிள் சூடாக இருக்கும்போதுள்ள ரெசிஸ்டன்ஸை எடுக்கக் கூடாது. 20 டிகிரியில் உள்ள எண்ணை எடுங்கள். காலையில் முதல் ஸ்விட்ச் போடும்போது கேபிள் குளிர்ந்துதான் இருக்கும்; அப்போது ஷார்ட் ஆனால்தான் கரண்ட் உச்சத்தில் வரும்.

ஒரு உதாரணம். மேலே சொன்ன 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்கு ரெசிஸ்டன்ஸ் 5 மில்லி ஓம், ரியாக்டன்ஸ் 16 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 300 ஸ்கொயர் எம்.எம். அலுமினியம் கேபிள் 30 மீட்டர் ஓடி மெயின் பேனலுக்கு வருகிறது. கேபிளின் பங்கு ஏறக்குறைய 3-ம் 2-ம். மொத்தம் 8, 18. வர்க்கங்கள் 64, 324, கூட்டினால் 388, வர்க்கமூலம் 19.7. ஃபேஸ் வோல்டேஜ் 250-ஐ 19.7 மில்லி ஓமால் வகுத்தால் 12.7 கே.ஏ. தடித்த கேபிள் 30 மீட்டர் போட்டும் 2 கே.ஏ.தான் குறைந்திருக்கிறது.

அந்தப் பேனலிலிருந்து 16 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் 20 மீட்டர் போய் ஒரு டி.பி.க்கு (கிளைகளாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) சேர்கிறது. இப்போது மொத்தம் 31, 20 என்று ஆகும். வர்க்கமூலம் 36.9. கரண்ட் 6.8 கே.ஏ. மெல்லிய கேபிள் 20 மீட்டரில் ஏறக்குறைய பாதியைச் சாப்பிட்டுவிட்டது. அதனால் டி.பி.யில் 10 கே.ஏ. எம்.சி.பி. போதும், மெயின் பேனலில் போதாது. அதே 10 கே.ஏ. எம்.சி.பி.யை மெயின் பேனலுக்குள்ளேயே, லைட்டிங் எடுக்க பஸ்பாரிலிருந்து நேராக ஒரு முழ ஒயரில் மாட்டி வைத்திருப்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். சின்ன லோடுதானே என்ற எண்ணம். டெல்டா ஸ்டார் (நம் விநியோக டிரான்ஸ்பார்மர்களின் வழக்கமான இணைப்பு) டிரான்ஸ்பார்மரின் பக்கத்தில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஷார்ட் ஆனாலும் ஏறக்குறைய மூன்று ஃபேஸுக்கு இணையான கரண்ட்தான் பாயும். அந்த சிங்கிள் போல் எம்.சி.பி. முழு 12.7-ஐயும் எதிர்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: மறந்துபோகும் மூலங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் ஷார்ட் ஆன நொடியில் ஜெனரேட்டர்போல நடந்து, தங்கள் ஃபுல் லோடு கரண்டைப்போல நாலைந்து மடங்கைத் திருப்பித் தள்ளும். சில சுற்றுகளில் அடங்கிவிடும், ஆனால் பிரேக்கர் திறப்பதும் அந்தச் சில சுற்றுகளில்தான். டிரம்களும் பம்புகளும் சேர்ந்து 200 எச்.பி. ஓடினால் 270 ஆம்பியர் அளவு; அதனால் ஒன்றேகால் கே.ஏ. கூடும். நம் 12.7 இப்போது 14-ஐத் தொடுகிறது.

இரண்டு டிரான்ஸ்பார்மர்களை பேரலலில் ஓட்டினால் இரண்டின் கரண்டும் கூடும். இரண்டு 1000 கே.வி.ஏ. சேர்ந்தால் 53 கே.ஏ. 50 கே.ஏ. பேனலும் அதற்குப் போதாது.

ஜெனரேட்டர் விஷயம் தலைகீழ். 250 கே.வி.ஏ. டி.ஜி. செட் (டீசல் ஜெனரேட்டர்) ஷார்ட்டில் முதலில் 3 கே.ஏ. அளவுக்குத் தந்து, பிறகு வேகமாக இறங்கிவிடும். இபிக்கு என்று 4000 ஆம்பியரில் மேக்னெடிக் செட்டிங் (பிரேக்கர் உடனே விழும் அளவு) வைத்த பிரேக்கர் டி.ஜி.யில் உடனே விழாது, கேபிள் கருகும்வரை காத்திருக்கும். சேஞ்ச் ஓவருக்குப் பின்னால் உள்ள பிரேக்கர்களின் செட்டிங்கை இரண்டு சப்ளைக்கும் பார்த்து வையுங்கள்.

நான்காம் படி: இருக்கும் சாமான்களில் என்ன எழுதியிருக்கிறது?

டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படியுங்கள். எம்.சி.பி.யில் ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். அதுதான் முறிக்கும் திறன், ஆம்பியரில்.

எம்.சி.சி.பி.யில் ஐ.சி.யூ., ஐ.சி.எஸ். என்று இரண்டு இருக்கும். ஐ.சி.யூ. என்பது உயிரைக் கொடுத்தாவது முறிக்கும் எல்லை. அதற்குப் பிறகு அந்த பிரேக்கரை நம்பி ஓட்ட முடியாது. ஐ.சி.எஸ். என்பது முறித்த பிறகும் தொடர்ந்து வேலைக்கு லாயக்காக இருக்கும் எல்லை. ஐ.சி.எஸ். 50 சதவீதம் என்று போட்டிருந்தால் 25 கே.ஏ. பிரேக்கர் 12.5 வரைதான் முறித்துவிட்டு மறுபடி உழைக்கும். மெயின் இன்கமரில் (சப்ளை முதலில் நுழையும் பிரேக்கர்) ஐ.சி.எஸ். 100 சதவீதம் உள்ளதைத்தான் நான் போடச் சொல்வேன். கொஞ்சம் விலை கூடும். ஆனால் அதுதான் முழுத் தொழிற்சாலையும் தொங்கும் ஆணி. இன்னொன்று, ஒரே பிரேக்கரில் வோல்டேஜ்வாரியாக வெவ்வேறு கே.ஏ. அச்சடித்திருப்பார்கள். 240 வோல்ட் வரிசையில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நமக்கு வேண்டியது 415 வோல்ட் வரிசை.

பீங்கான் கிட்கேட் ஃபியூஸ் (நாமே ஒயர் கட்டும் பழைய வகை) இன்னும் சில பழைய சர்வீஸ்களில் இருக்கிறது. அதன் திறன் அதிகபட்சம் 4 கே.ஏ. அளவுதான், அதுவும் சரியான ஒயர் கட்டியிருந்தால். பல இடத்தில் மூன்று இழை ஒயரை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அதைப் பார்த்தால் வேறு யோசனையே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: பஸ்பாரும் பெட்டியும்

பிரேக்கரை மட்டும் மாற்றிவிட்டுப் பேனலை அப்படியே விடுவது பாதி வேலை. ஷார்ட் கரண்டின் முதல் அலை உச்சம் கணக்கில் வந்த கே.ஏ.வைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, பெரிய ஷார்ட்டில் சற்றுக் கூடவே இருக்கும். பஸ்பார்களுக்கு இடையிலுள்ள விசை அந்த உச்சத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 60 மில்லிமீட்டர் இடைவெளியில் 14.8 கே.ஏ. ஷார்ட் என்றால் உச்சம் 30 கே.ஏ.; பஸ்பாரின் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 260 கிலோ விசை. அதே பேனலை 1000 கே.வி.ஏ.வில் மாட்டினால் 900 கிலோவைத் தாண்டும். கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, விசை மூன்றரை மடங்கு ஆகிவிட்டது. அந்த டேனரியில் இன்சுலேட்டர் உடைந்த காரணம் இதுதான்.

பேனல் தட்டில் ஐ.சி.டபிள்யூ. என்று, 1 செகண்ட் தாங்கும் கே.ஏ. எழுதியிருக்கும். எழுதாத உள்ளூர்ப் பேனலாக இருந்தால் செய்தவரிடம் கேளுங்கள். சோதனைச் சான்று கிடைக்காவிட்டால் இன்சுலேட்டர் தாங்குமிடங்களை நெருக்கமாக்கி ஒட்டுப்போடுவதைவிட, சான்றுள்ள பேனலாக மாற்றுவதே சரி.

நம் பகுதிக்கே உரிய ஒன்று உண்டு. டேனரியில் சுண்ணாம்புக் குழியில் முடி நீக்க சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அதிலிருந்து வரும் வாயு செம்பைக் கறுப்பாக்கும். அந்தக் காற்று பேனல் ரூமுக்குள் வந்தால் செம்புப் பட்டை கரி பூசினாற்போல் ஆகிவிடும். ஜாயின்ட்டில் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சாதாரண லோடிலேயே சூடாகும், ஷார்ட்டில் அந்த இடம்தான் முதலில் உருகும். வெள்ளீயம் பூசிய பஸ்பார் போடுங்கள், ரூமுக்குக் காற்று டிரம் ஷெட் பக்கமிருந்து வராமல் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை ஜாயின்ட்டைப் பிரித்துத் துடைத்து, டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். கைப்பலத்தை நம்ப வேண்டாம்.

கேபிளும் தாங்க வேண்டும். எக்ஸ்.எல்.பி.இ. (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) அலுமினியம் கேபிளுக்கு ஒரு ஸ்கொயர் எம்.எம்.முக்கு 94 ஆம்பியர் என்று 1 செகண்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். 14.8 கே.ஏ. ஒரு செகண்ட் நீடித்தால் 157 ஸ்கொயர் எம்.எம். வேண்டும். 0.1 செகண்டில் பிரேக்கர் முறித்தால் 50 போதும். பிரேக்கர் எவ்வளவு வேகமோ அவ்வளவு மெல்லிய கேபிள் தப்பிக்கும்.

ஆறாம் படி: பற்றாக்குறை என்றால் வழிகள்

நேரான வழி, கணக்கில் வந்ததைவிட அதிக கே.ஏ. உள்ள பிரேக்கர். 14 வந்தால் 16-ஐப் போட்டு நிறுத்தாமல் 25-க்குப் போங்கள். நாளைக்கு 500 கே.வி.ஏ. 750 ஆகலாம்.

இரண்டாவது, எச்.ஆர்.சி. ஃபியூஸ், அதாவது அதிக முறிக்கும் திறனுள்ள ஃபியூஸ். எனக்கு இன்றும் இதன்மேல் பெரிய மரியாதை. 80 கே.ஏ. வரை முறிக்கும். அதைவிட முக்கியம், பெரிய ஷார்ட்டில் முதல் அலை உச்சத்தைத் தொடும் முன்பே உருகிக் கரண்டைத் தறித்துவிடும். பின்னால் உள்ள பஸ்பார், கேபிள், சின்ன பிரேக்கர் எல்லாமே முழு உச்சத்தைப் பார்க்காது. எந்த அளவுக்குத் தறிக்கும் என்பது ஃபியூஸ் ரேட்டிங்கைப் பொறுத்தது; தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஒன்று போனால் மூன்றையும் மாற்றுங்கள், ஒரே மேக்கில். உதிரி செட் ஒன்று பேனல் ரூமிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவு ஷிப்டில் யாராவது செம்புப் பட்டையைச் சொருகிவிடுவார்கள்.

மூன்றாவது, மேலே ஒரு பலமான எம்.சி.சி.பி., கீழே சின்னது, இரண்டும் சேர்ந்து முறிப்பது. கேஸ்கேடிங் என்பார்கள். செலவு குறையும். ஆனால் இதை நாமே கணக்குப் போட்டு முடிவு செய்ய முடியாது. ஒரே தயாரிப்பாளர் சோதித்து அட்டவணையில் போட்டிருக்கும் ஜோடி மட்டுமே செல்லும். மேலே ஒரு கம்பெனி, கீழே ஒரு கம்பெனி என்றால் கேஸ்கேடிங் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள பஸ்பாரில் பெரிய மோட்டார்கள் இருந்தால் அவை தள்ளும் கரண்ட் மேல் பிரேக்கர் வழியாகப் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஷார்ட்டில் மேல் பிரேக்கரும் சேர்ந்து விழலாம். மருத்துவமனை மாதிரி இடத்தில் இதை நான் ஏற்க மாட்டேன்.

நான்காவது, கரண்டையே குறைப்பது. இரண்டு டிரான்ஸ்பார்மர் இருந்தால் இரண்டு பஸ்பாரையும் இணைக்கும் பஸ் கப்ளர் பிரேக்கரைத் திறந்தே (ஆஃபிலேயே) வைத்து, இரண்டு இன்கமர், கப்ளர் ஆகிய மூன்று பிரேக்கருக்கு இரண்டு சாவி மட்டும் உள்ள இன்டர்லாக் போடுங்கள். 53 கே.ஏ. 26.7 ஆகிவிடும். செலவுக் கணக்கில் இதைவிட லாபமான வழி எனக்குத் தெரியவில்லை. புது டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது கொஞ்சம் அதிக இம்பீடன்ஸ் கேட்கலாம், ரியாக்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சுருள்) வைக்கலாம். ஆனால் பெரிய மோட்டார் ஸ்டார்ட்டில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று சரிபார்த்த பிறகே.

ஏழாம் படி: வேலை செய்யும் நாள்

லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரும் சூப்பர்வைசரும் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். மீட்டருக்கும் இபி சீல் வைத்த பகுதிக்கும் முன்னால் உள்ளது எதையும் தொட, மின்வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைன் கிளியர், அதாவது சப்ளை நிறுத்தியதற்கான உறுதி, வாங்க வேண்டும். எச்.டி. சர்வீஸில் மின் ஆய்வுத் துறையின் அனுமதியும் வேண்டும். சப்ளை இறக்கியதும் டி.ஜி., சோலார் இரண்டையும் தனித்தனியே பூட்டுங்கள். டெஸ்டரைக் காட்டி உறுதி செய்து, மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்து எர்த்தில் கட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். முடிந்ததும் அந்த ஷார்ட்டிங் ஒயரைக் கழற்றியதை இரண்டு பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை மறந்து சார்ஜ் செய்தால் நீங்கள் கணக்குப் போட்ட அந்தக் கே.ஏ. அப்போதே வரும்.

எட்டாம் படி: ஷார்ட் ஆன பிறகு

விழுந்த பிரேக்கரை உடனே மறுபடி ஆன் செய்வதுதான் நம் ஆட்களின் முதல் பழக்கம். வேண்டாம். எங்கே ஷார்ட் என்று கண்டுபிடித்து, அந்தக் கேபிளைப் பிரித்து, மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பிரேக்கரின் வாய்ப்பகுதியில் கரி, உடலில் மயிரிழை விரிசல், லீவரில் தளர்ச்சி, கருகிய வாசனை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது மறுபடி உள்ளே போகக் கூடாது. ஐ.சி.எஸ்.ஸைத் தாண்டிய ஷார்ட் என்று தெரிந்தால் வெளியே நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். பஸ்பார் இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள்.

கடைசியாக, போட்ட கணக்கைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அந்த டேனரியில் இப்போது அலுமினியத் தகட்டில் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம்: டிரான்ஸ்பார்மர் 500 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் 4.5 சதவீதம், இன்கமரில் ஷார்ட் கரண்ட் மோட்டாரோடு சேர்த்து 16 கே.ஏ., இன்கமர் 36 கே.ஏ., கணக்கிட்ட தேதி. அதற்குக் கீழே ஒரு வரி: டிரான்ஸ்பார்மரையோ கேபிளையோ மாற்றுகிறவர், இந்த எண்ணை முதலில் திருத்திவிட்டு வேலையைத் தொடங்கவும்.